நிற்க என்பதற்கு அடுத்த வரி

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் இளையவன் மேஜையில் உட்கார்ந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். காலேஜில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். எழுதுவதற்கு முன்னால், அந்தக் கட்டுரை என்ன சொல்லப்போகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வாத்தியாரிடம் காட்ட வேண்டுமாம். "பத்துப் பக்கம் கேட்டாலும் எழுதிடுவேன்பா, இந்த ஒரு வரிதான் வரமாட்டேங்குது" என்றான். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நிற்க போட்டுப் பார்" என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தீர்கள். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

அப்பா படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். காலேஜ் விஷயத்தில் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த ஒரு வரி விஷயத்தில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. நீங்கள் உட்கார்ந்து எழுதுகிற மேஜை வரைக்கும் அப்படிப்பட்ட ஒரு வரியிலிருந்து வந்ததுதான். அதனால் இதை எழுதுகிறேன். சிரித்தது போதும், படியுங்கள்.

அப்போது யுத்த காலம். நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியூன். காலையில் கதவுகளைத் திறப்பேன், மணி அடிப்பேன், மைக்கூடுகளில் மை ஊற்றுவேன், சர்க்குலர் நோட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவேன். மற்ற நேரமெல்லாம் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்பேன். உட்காரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. உட்கார அங்கே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அறைக்கு உள்ளே ஜன்னலை ஒட்டிக் குமாஸ்தாவின் மேஜையும் நாற்காலியும் இருந்தன. பிரம்பு பின்னிய நாற்காலி. தினமும் காலையில் அதைத் துணியால் துடைத்து வைப்பது என் வேலை. ஆறு வருஷம் துடைத்தேன். ஒரு நாளும் அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை. துடைக்கும்போது கையை ஊன்றிக்கொண்டதுகூட இல்லை.

சாயங்காலத்தில் இன்னொரு வேலை. சாந்தோமில் நம் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் நொச்சிக்குப்பம். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் வேலைக்குப் போன ஆண்பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டுமானால் குப்பத்துப் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். எழுதிக் கொடுத்தால் கூடையிலிருந்து ஒரு கை நெத்திலி மீனோ காரப்பொடி மீனோ எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள்.

கடிதத்துக்கு அப்போது ஒரு முறை இருந்தது. "சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும் மற்றும் உள்ளவர்கள் சுகத்தையும் அறிய ஆவல். நிற்க." ஆளைப் பார்த்து, சர்வேசுரன் இருக்கிற இடத்தில் அம்மனைப் போடுவேன். மற்றதெல்லாம் ஒன்றுதான். அந்த 'நிற்க' என்ற சொல்லை நீங்கள் இப்போது எழுதுவதில்லை. சுகம் விசாரித்தது போதும், அது அங்கேயே நிற்கட்டும், இனிமேல் விஷயத்துக்கு வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். எத்தனையோ நூறு கடிதத்தில் அதை எழுதி எழுதி, 'நிற்க' போடாமல் எதையும் எழுத என் கைக்குத் தெரியாமல் போயிற்று.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது எங்கள் குமாஸ்தாவும் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார். மற்ற ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர் வரவில்லை. அங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டதாகக் கார்டு போட்டுவிட்டார். நாற்காலி காலி. ஆனாலும் நான் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் ஒரு நோட்டீஸைக் கொடுத்து வாசலில் ஒட்டச் சொன்னார். குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை. எட்டாம் வகுப்புத் தேறியவர்கள் எழுதலாம். சொல்வதெழுதுதல், படி எடுத்தல், தமிழில் ஒரு வியாசம். கட்டுரையை அப்போது வியாசம் என்போம். பசை தடவி ஒட்டிவிட்டு அதை மூன்று தரம் படித்தேன். நானும் எட்டாம் வகுப்புத் தேறியவன்தானே என்று மூன்றாவது தரம்தான் உறைத்தது.

வீட்டில் சொன்னேன். உங்களில் மூத்தவள் அப்போது அம்மாவின் வயிற்றில். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஞானஸ்நானப் புஸ்தகத்துல தகப்பன் தொழில்னு ஒரு கட்டம் கீது, தெரியுமா?" என்றாள்.

"இருக்கட்டுமே. பியூன்னு எழுதுவாங்க. பியூன் வேல இன்னா திருட்டு வேலயா?"

"திருட்டுன்னு நான் சொன்னேனா? ஒரு தபா எழுதிட்டா அத்த அழிக்க மாட்டாங்க. அவ்ளோதான் சொன்னேன்."

அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாததால் எனக்கு அது மறக்கவும் இல்லை. மூத்தவள் பிறக்க மூன்று மாதம் இருந்தது. அதற்குள் அந்த நாற்காலி எனக்குக் கிடைக்க வேண்டும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு ஆறு பேர் வந்தோம். வெளியிலிருந்து நாலு பேர், கோட்டுப் போட்டவர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நானும் சயன்ஸ் ரூம் அட்டெண்டரும். அவர் மாட வீதிக்காரர், என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம் படித்தவர், என் வயசுதான். நான் அவரை ஐயரே என்பேன். அவர் என்னை ஓய் என்பார்.

ஹெட்மாஸ்டர் ஆளுக்கு ஒரு அரைத்தாள் கொடுத்தார். காகிதம் கிடைக்காத காலம் அது. "அரைத்தாள், ஒரு பக்கம். அதற்குள் சொல்லத் தெரியாதவன் எனக்கு வேண்டாம்" என்றார். பிறகு கரும்பலகையில் 'பசு' என்று எழுதினார்.

நான் எழுத்து வேலையில் பழகியவன் அல்லவா, உடனே ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் வல்ல சர்வேசுரன் வானத்தையும் பூமியையும் படைத்து, ஊர்வன பறப்பன நடப்பன யாவற்றையும் உண்டாக்கினார் என்று தொடங்கி, பசுவுக்கு நாலு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் என்று வந்து, அதன் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் ஒன்றும் விடாமல் எழுதினேன். கையெழுத்து மணி மணியாக இருந்தது. எனக்கே பெருமை.

மறுநாள் ஹெட்மாஸ்டர் எங்கள் ஆறு பேரையும் அறைக்குள் கூப்பிட்டு என் தாளை எடுத்தார். வாய்விட்டுப் படித்தார். கடைசி வரிக்கு வந்தார்.

"'பசு சாதுவான பிராணி என்பதைச் சகலரும் அறிவார்கள். நிற்க.'"

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நிற்க. சரி. அப்புறம்?"

"இடம் முடிஞ்சுபோச்சு சார்."

"பசு நின்னுண்டே இருக்கு சார்" என்றார் மாட வீதிக்காரர்.

கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டரும் சிரித்துவிட்டார். அன்று மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு 'நிற்க' என்று பெயர் வந்துவிட்டது. "யோவ் நிற்க, மணி அடிச்சாச்சா?" என்று டிரில் மாஸ்டர் கேட்பார். "நிற்க வர்றாரு, நில்லுங்கடா" என்று பையன்கள் வராந்தாவில் விறைத்து நிற்பார்கள்.

அது போகட்டும். ஹெட்மாஸ்டருக்கு ஆறு பேரில் ஒருவர் எழுதியதும் பிடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் பரீட்சை என்று சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். என் தாளின் கீழே சிவப்பு மையில் இரண்டே வார்த்தை: 'கட்சி என்ன?'

தாளைச் சட்டென்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அந்த வருஷங்களில் கட்சி என்ற வார்த்தையைக் கேட்டாலே போலீஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். யாரோ என்னைப் பற்றிக் கோள் சொல்லியிருக்கிறார்கள், நாற்காலி போனது மட்டும் இல்லை, வாசலில் நிற்கிற வேலைக்கும் வந்துவிட்டது ஆபத்து என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் வந்து உட்கார்ந்ததும் உள்ளே போய்க் கைகட்டி நின்றேன்.

"சார், நான் எந்தக் கட்சியிலும் இல்லீங்க. வேல முடிஞ்சா வூட்டுக்குப் போறேன், ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போறேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது.

"அதுதானய்யா உன் வியாசத்தில் கோளாறு. அதுவும் எந்தக் கட்சியிலும் இல்லை. பசுவைப் பற்றி ஊருக்கே தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாய். நீ என்ன சொல்கிறாய்? அதற்குப் பேர்தான் கட்சி. போ, மணிக்கு நேரமாகிறது."

அவர் எனக்குச் சொன்னது அவ்வளவுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் என்ன சொல்கிறேன்? பசுவைப் பற்றி நான் என்ன சொல்வது, என்னை யார் கேட்டார்கள்? மணியை அடித்துவிட்டு வாசலில் நின்று ஒரு வாரம் இதையே யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வாரக் கடைசியில் குப்பத்திலிருந்து ஒரு அக்கா தபால் கார்டோடு வந்தாள். சாந்தோம் பக்கம் தெருத் தெருவாக மீன் விற்கிறவள். புருஷன் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தான். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு கார்டு எழுதித் தர்றியா நைனா?"

"எழுதறேன்கா. 'அம்மன் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம்.'"

"யாரு சொகம்? நானு சொகமா கீறேன்னு உனுக்கு யாரு சொன்னது?"

"அப்படி எழுதறதுதான் வழக்கம்."

"வழக்கம் கெடக்குது. அந்தாளு மரத்த வித்துடுன்னு என் கொழுந்தனுக்கு ஆளு மேல ஆளா சொல்லி அனுப்பிக்கினு கீறாரு. நீ சொகம் எழுதிக்கினு குந்தினு கீற."

மரம் என்றால் அவர்கள் கட்டுமரம். கார்டை என் கையிலிருந்து பிடுங்கி விரலால் அளந்து காட்டினாள்.

"இன்னா எடம் கீது இதுல? இது கொழும்புக்குப் போவணும், அந்தாளுக்குப் படிக்கத் தெரியாது, எவன்கிட்டயாச்சும் குடுத்துப் படிக்கச் சொல்லணும். அவன் சொகம் சொகம்னு படிச்சிக்கினு இருந்தா, சரி, எல்லாரும் சொகமாத்தான் கீறாங்கன்னு இவரு எழுந்து பூடுவாரு. மொத வார்த்தையே நறுக்குன்னு இருக்கணும். மரத்த விக்காத. வித்தா நாளைக்கு நம்ம புள்ளைங்க அடுத்தவன் மரத்துல கூலிக்குப் போவும். அத்த எழுது மொதல்ல. ஏன் விக்கக் கூடாதுன்னு அப்பறம் ஒண்ணொண்ணா சொல்றேன்."

நல்லவேளை, பென்சிலில் எழுதியிருந்தேன். சுகத்தை அழித்துவிட்டு எழுதினேன். 'கட்டுமரத்தை விற்கக் கூடாது. விற்றால் நம் பிள்ளைகள் நாளைக்கு அடுத்தவன் மரத்தில் கூலிக்குப் போக வேண்டும்.' பிறகு அவள் சொல்லச் சொல்ல, மரம் போன வருஷம்தான் புதிதாகக் கட்டியது, கொழுந்தன் இப்போதுதான் தொழில் பிடித்துக்கொண்டிருக்கிறான், யுத்தம் முடிகிற வரைக்கும் வேறு மரம் கிடைக்காது என்று வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றும் முதல் வரிக்குப் பின்னால் போய் முட்டுக் கொடுத்து நின்றது. கார்டு நிரம்புகிற இடத்தில் விஷயமும் முடிந்தது. ஓரத்தில் ஒரு சிட்டிகை இடம் மிச்சம்.

"இப்ப வோணா எழுதிக்க உன் சொகத்த" என்றாள்.

'சுகம்' என்று ஒரே வார்த்தை எழுதினேன்.

அவள் போன பிறகுதான் எனக்குத் தலையில் தட்டியதுபோல் இருந்தது. மரத்தை விற்கக் கூடாது. இதுதான் அவள் கட்சி. விற்க வேண்டும் என்று கொழும்பில் எதிர்க்கட்சி உட்கார்ந்திருக்கிறது. வழக்கப்படி நான் எழுதியிருந்தால் இந்த வரி 'நிற்க' என்பதற்கு அடுத்த வரியாக வந்திருக்கும். என் பசு வியாசத்தில் 'நிற்க' வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். அடுத்த வரி எழுதவே இல்லை. என்னுடைய தப்பு 'நிற்க' போட்டது இல்லை. அதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்ததை விட்டதுதான்.

எழுதிப் பழகக் காகிதத்துக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தை நான்தானே திறக்கிறேன். அரை மணி முன்னதாகப் போய் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தேன். வாத்தியார்கள் போட்டுவிட்டுப் போன துண்டுச் சாக்கட்டிகள் போதும். ஏதாவது ஒரு தலைப்பு. முதலில் என் வழக்கப்படி ஊருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுவேன். 'நிற்க' போடுவேன். அடுத்து ஒரு வரி எழுதுவேன். பிறகு மேலே இருப்பதை 'நிற்க' உள்பட அழித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் வைத்துப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் மாட வீதிக்காரர் வாசலில் நின்றார்.

"ஓய் நிற்க, விடிஞ்சும் விடியாம பலகைல என்ன பண்ணிண்டிருக்கீர்?"

சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நாற்காலி ஒன்று, ஆள் ஆறு. அவருக்குச் சொல்வது என் தலையில் நானே மண் போட்டுக்கொள்வது. ஆனால் அவர் முகத்தில் கேலி இல்லை. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அதே சிவப்பு மைதான் ஓய். ஆத்துல, எழுதினதைக் கொண்டாங்கோ பார்க்கலாம்கறா. எப்படிக் கொண்டுபோறது? அதுல பசுவோட காம்பு வரைக்கும் எண்ணி எழுதிருக்கேன்."

சொல்லிவிட்டேன், கார்டு கதை முழுவதும். அன்று முதல் இரண்டு பேரும் சேர்ந்து பழகினோம். ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. எழுதிய வரியைப் பார்த்து அவர் "ஆமாம்" என்றால் அதை அழித்துவிடுவேன். "அதெப்படி?" என்றால் வைத்துக்கொள்வேன்.

'மழை பயிருக்கு நல்லது.'

"ஆமாம்."

அழித்தேன். 'யுத்தம் பொல்லாதது' என்று எழுதினேன்.

"ஆமாம். அதோட அரைத்தாள்ல யுத்தத்தை எப்படி ஓய் அடைப்பீர்?"

அதையும் அழித்தேன். 'குளத்தடியில் டிராமுக்குக் காத்திருப்பவனைவிட நடக்கிறவன் முதலில் லஸ் முனை போய்ச் சேருவான்.'

"அதெப்படி? டிராம் டிராம்தான் ஓய், கால் கால்தான்."

அன்று இதைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சில் முதல் மணி நாலு நிமிஷம் தாமதமாக அடித்தது. டிரில் மாஸ்டர் வந்து, "நிற்க இன்னிக்கு நின்னுட்டாரா?" என்று கேட்டார்.

மாட வீதிக்காரர் எழுதியதில் ஒன்று ஞாபகம் இருக்கிறது: 'காப்பி குடிக்காதவனை நம்பக் கூடாது.'

"அதெப்படி ஐயரே? நான் குடிக்கறதில்லியே."

"அதனாலதான் எழுதினேன்."

சிரித்துவிட்டு, அதற்கு முட்டுக் கொடுக்க என்னென்ன எழுதலாம் என்று பார்த்தோம். ஒன்றரை வரிக்கு மேல் ஓடவில்லை. வெறும் சண்டை போட்டால் போதாது, பின்னால் நிற்க ஆள் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். அவரே எழுந்து அழித்தார்.

இரண்டாம் பரீட்சை அன்றும் அதே ஆறு பேர், அதே அரைத்தாள். ஹெட்மாஸ்டர் கரும்பலகையில் எழுதினார்: 'கடற்கரை.'

கோட்டுக்காரர்களின் பேனாக்கள் ஓடத் தொடங்கின. நான் எழுதவில்லை. கடற்கரை இன்பமான இடம் என்று மனசுக்குள் சொன்னேன். ஆமாம் என்று மாட வீதிக்காரர் குரல் கேட்டது. அலை ஓய்வதே இல்லை. ஆமாம். கடல் சர்வேசுரனின் படைப்பு. ஆமாம், ஆமாம். பக்கத்து மேஜைக்காரர் பாதித் தாளைத் தாண்டிவிட்டார். என் தாள் வெள்ளையாகவே இருந்தது. அம்மா அரிசி களைகிற சத்தம்கூட ஞாபகம் வந்தது. ஒரு தபா எழுதிட்டா அழிக்க மாட்டாங்க.

கடற்கரைக்கு யார் வருகிறார்கள்? சாயங்காலம் சால்வை போட்டுக்கொண்டு காற்று வாங்க வருகிறவர்களை எனக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பத்தைத் தாண்டிப் போவார்கள். கார்டோடு வந்த அக்காவையும் எனக்குத் தெரியும். அவள் வருகிற நேரத்தில் இவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

எழுதினேன்: 'கடற்கரை காற்று வாங்குகிற இடம் என்று நினைப்பவர்கள் விடியற்காலையில் அங்கே வந்ததில்லை.'

எழுதி முடித்ததும், யாரோ ஒருவர் கட்டாயம் "அதெப்படி?" என்பார் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் மிச்ச வேலை. அடுத்த வரிக்குப் போனபோது, பழக்க தோஷம், கை தானாக 'நி' என்று போட்டுவிட்டது. அடித்துத் தாளை அசிங்கப்படுத்த மனம் வரவில்லை. அதை 'நித்தமும்' என்று ஆக்கினேன். நித்தமும் விடிவதற்கு முன்னே மரங்கள் கரைக்கு வரும். அலையில் புரளாமல் ஏற்றப் பத்துப் பேர் தோள் கொடுப்பார்கள். பெண்கள் கூடையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். வெயில் ஏறுவதற்குள் மீன் தெருவுக்குப் போயாக வேண்டும். பகலில் மணல் வலை காய்கிற களமாகிவிடும். சாயங்காலம் காற்று வாங்க வருகிறவர்கள் வேலை முடிந்து கூட்டிய இடத்தில் நடக்கிறார்கள். எல்லாம் நான் பார்த்தது. எதையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. முடித்தபோது மூன்று வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. அதை நிரப்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார். "முதல் வரியை மட்டும் படிக்கிறேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

'கடற்கரை மிகவும் ரம்மியமான ஸ்தலம்.' தாளை ஒரு பக்கம் வைத்தார். 'நமது பட்டணத்தின் கடற்கரை உலகப் பிரசித்தி பெற்றது.' அதுவும் ஒரு பக்கம். மூன்றாவது, நாலாவதும் அந்த ரகம்தான். நானும் மாட வீதிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பார்த்தால் "ஆமாம்" என்று சொல்லிவிடுவோம் என்று பயம்.

ஐந்தாவதைப் படித்தார். 'கடற்கரைக்குத் தனியாகப் போகிறவன் வீட்டில் சண்டை போட்டவன்.'

அறையில் சிரிப்பு எழுந்தது. ஹெட்மாஸ்டரும் சிரித்தார். எழுதிய மாட வீதிக்காரர் தரையைப் பார்த்தார். "கட்சி இருக்கிறது. ஆனால் பாதித் தாளுக்கு மேல் அதைக் கடற்கரையில் விட்டுவிட்டு நீர் சண்டைக்குப் போய்விட்டீர்" என்று ஹெட்மாஸ்டர் அந்தத் தாளைத் தனியாக வைத்தார்.

பிறகு என்னுடையது. "'கடற்கரை காற்று வாங்குகிற இடம் என்று நினைப்பவர்கள் விடியற்காலையில் அங்கே வந்ததில்லை.'"

நிறுத்தினார். தினமும் சாயங்காலம் கடற்கரையில் உலாவுகிறவர் அவர். புருவம் சுருங்கியது.

"அதெப்படி?" என்றார்.

எங்களிடம் கேட்கவில்லை. தாளிடம் கேட்டார். மாட வீதிக்காரர் என் விலாவில் ஒரு இடி இடித்தார், இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும். முதல் வரி மட்டும் என்று சொன்ன ஹெட்மாஸ்டர் இரண்டாவது வரிக்குப் போனார், மூன்றாவதுக்குப் போனார், சத்தமில்லாமல் கடைசி வரைக்கும் படித்தார். மிச்சம் விட்ட மூன்று வரி இடத்தையும் பார்த்தார். பிறகு தாளை மேஜைமேல் வைத்துக் கையால் நீவிவிட்டார்.

"திங்கட்கிழமையிலிருந்து உள்ளே உட்கார்" என்றார்.

வெளியே வந்ததும் மாட வீதிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனிமே உம்மை நிற்கன்னு கூப்பிட முடியாது ஓய். உட்கார்கன்னுதான் கூப்பிடணும்." அவர் மனசில் வருத்தம் இருந்திருக்கும். காட்டவில்லை. அடுத்த வருஷம் அவருக்கும் நல்ல இடம் வந்தது. அந்த விண்ணப்பத்தின் முதல் வரியை எழுத நாங்கள் இரண்டு பேரும் ஒரு காலை முழுவதும் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தோம்.

மீன்கார அக்காவுக்கும் சொன்னேன். கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே கேட்டாள்.

"கடக்கரைய பத்தி எழுதினதுக்கா உனுக்கு வேல குடுத்தாங்க? எனுக்கு எழுத்து மட்டும் தெரிஞ்சிருந்தா நானு இன்னேரம் கலெக்டரு."

"உன் மரம் என்னாச்சுக்கா?"

"நின்னுச்சு நைனா. விக்கலன்னு சொல்லி அனுப்பிச்சாரு. அந்த மொத வரிய மூணு தபா படிக்கச் சொல்லிக் கேட்டாராம்."

மூத்தவளே, உன் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் குமாஸ்தா என்றுதான் இருக்கிறது. கோயில் கணக்கப்பிள்ளை கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். தம்பிக்கும் அப்படியே. நீங்கள் போய்ப் பார்க்கலாம். இளையவனே, உன் வரியை எழுதி என்னிடம் கொண்டு வா. நான் "ஆமாம்" என்றால் கோபித்துக்கொள்ளாதே, அழித்துவிடு.

ஒன்றே ஒன்று மட்டும் நான் யாரிடமும், அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. முடிவு சொன்ன அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டியவன் நான்தான். திங்கட்கிழமை வரைக்கும் நான் பியூன். வகுப்புகளைப் பூட்டிவிட்டுக் கடைசியில் ஹெட்மாஸ்டர் அறைக்கு வந்தேன். ஆணியில் மாட்டியிருந்த துணியை எடுத்து, காலையில்தான் துடைத்த நாற்காலியை மறுபடியும் துடைத்தேன். கைகளை, முதுகுப் பிரம்பை, கால்களை, எல்லாவற்றையும். துணியை உதறி ஆணியில் மாட்டினேன். பிறகு மெதுவாக உட்கார்ந்தேன். பிரம்பு கிறீச்சென்றது. ஜன்னலுக்கு வெளியே டிராம் மணி கேட்டது. அது போய் அடுத்த டிராம் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து கதவைப் பூட்டினேன்.